வீடு புறப்பட்ட வெள்ளிக்கிழமை

கடிதத்தை மூன்றாவது தடவை படித்தபோதும் அதில் எழுதியிருந்தது மாறவில்லை. க்ளெம் ஹார்டிகனின் வீடு ஒரு கட்டிடமாம். அனுமதி இல்லாமல் ஆற்றின் மேல் எழுப்பிய கட்டிடமாம். இருபத்தெட்டு நாளைக்குள், அதாவது நாலாவது வெள்ளிக்கிழமைக்குள், அவனாகவே பிரித்து எடுத்துக்கொள்ள வேண்டுமாம். இல்லையென்றால் ஊர் நிர்வாகம் பார்க்கிற கவுன்சில் ஆள் அனுப்பிப் பிரித்துவிடுமாம்.

"நாலாவது தடவை படிச்சு முடிக்கிறதுக்குள்ள ஒரு நாள் போயிடும், கண்ணு," என்றாள் பெரில். வல்லாரா ஆற்றில் தபால் படகு ஓட்டுகிறவள். கடிதத்தைக் கொடுத்தாயிற்று. அதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் கிளம்ப மனமில்லை. வராந்தாக் கம்பியைப் பிடித்தபடி படகிலேயே நின்றாள்.

"வீட்டை எடுக்கச் சொல்றாங்க."

"எடுத்து எங்க வைக்கணுமாம்?"

"அதப் பத்தி எழுதல."

உள்ளேயிருந்து அக்கா ஈனிட் குரல் கொடுத்தாள். "யாருடா செத்தா?"

"யாரும் சாகல. வீடுதான் போகப்போகுது."

"அவ்வளவுதானே," என்றாள் ஈனிட். அப்புறம் அவள் கையிலிருந்த தட்டு கீழே விழுகிற சத்தம் கேட்டது.

பதினான்கு வயதில் சிப்பிப் பண்ணைக்கு வேலைக்கு வந்தவன் க்ளெம். இப்போது ஐம்பத்தாறு. சிப்பித் தட்டுகளை ஏற்றிப் போன தட்டைப்படகு ஒன்று உளுத்துப்போனபோது, கொளுத்திவிடு என்றார் முதலாளி. க்ளெம் கொளுத்தவில்லை. அதன் மேல் இரண்டு அறை எழுப்பி, தகரம் போட்டு, கரையோடு கயிறு போட்டுக் கட்டியிருந்த கவுன்சிலின் மிதவைப் படகுத்துறையான ஜெட்டி ஓரமாகக் கட்டிவைத்துக் குடியேறினான். புருஷன் காலமான பிறகு ஈனிட் வந்து சேர்ந்தாள். அவளோடு வெள்ளையடித்த மரவேலியும், ஜெரேனியம் பூந்தொட்டிகளும், தபால் பெட்டியும், பன்னிரண்டு கோழிகளும் வந்தன. படகின் அடிப்பாகம் சேற்றில் அமிழ அமிழ இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது. சிப்பி உடைக்கிறவன் சம்பளத்துக்குக் கரையில் ஒரு கார் ஷெட்கூட வாடகைக்குக் கிடைக்காது. இந்த வீடு போனால் அக்காவும் தம்பியும் கோழிகளும் நிற்க இடம் கிடையாது.

"ஏன் கண்ணு இதுக்குப் போய் முழிக்கிற," என்றாள் பெரில். "கட்டிடம்னாதானே கவுன்சிலு. இது படகுன்னு எழுதிப் போடு. படகு மேல கைவைக்க அவங்களுக்கு அதிகாரமே இல்ல. கீழ படகுதானே இருக்கு?"

"இருக்கு."

"அப்புறம் என்ன. மேல இருக்கறது சாமான்."

க்ளெமுக்கு அது நியாயமாகப் பட்டது. அன்று சாயங்காலமே ஈனிட் சொல்லச் சொல்ல, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினான். ஐயா, தாங்கள் கட்டிடம் என்று நினைப்பது படகு. தவறாக நினைத்ததை நாங்கள் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

ஆறாம் நாள் பதில் வந்தது. ராட்னி ஸ்ப்ரோல் என்ற கவுன்சில் அதிகாரி எழுதியிருந்தார். ரொம்ப சந்தோஷம், படகு என்றால் எங்களுக்கு வேலை இல்லை. ஆனால் படகு என்பதற்குக் கடல்துறை அலுவலகத்தின் பதிவுச் சீட்டு வேண்டும். அது வரும்வரை கட்டிடம்தான். குறித்த வெள்ளிக்கிழமையும் அப்படியேதான் இருக்கிறது. தங்கள் கடிதத்தைக் கடல்துறைக்கு அனுப்பிவிட்டோம்.

"பாத்தியா," என்றாள் பெரில். "பாதி வேலை முடிஞ்சுது."

"எந்தப் பாதி?" என்றாள் ஈனிட்.

கடல்துறையிலிருந்து க்வெண்டா வந்தாள். நீலச் சட்டை, கையில் படிவம் செருகிய அட்டை, காதில் பென்சில். வராந்தாவில் ஏறுமுன் தன் காலணியைத் துடைத்துக்கொண்டாள். அதற்காகவே ஈனிட்டுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

"சட்டத்துல படகுன்னு சொல்றதில்ல, கலம்னுதான் சொல்றது," என்றாள் க்வெண்டா. "தண்ணி மேல ஆளையோ சரக்கையோ கொண்டுபோகப் பயன்படுற, இல்ல பயன்படக்கூடிய எதுவும் கலம்."

"எதுவும்னா?" என்றான் க்ளெம். "என் குளியல் தொட்டி?"

"எல்லாரும் அதத்தான் கேக்கறாங்க. அதுக்கு ஆபீஸ்ல தனியா ஒரு ஃபைலே இருக்கு. அதுக்குள்ள போக வேண்டாம். இது கடைசியா எப்ப நகர்ந்தது?"

க்ளெம் அக்காவைப் பார்த்தான். ஈனிட் கூரையைப் பார்த்தாள்.

"ஒரு தடவை வெள்ளம் வந்தப்போ நகர்ற மாதிரி சத்தம் கேட்டுச்சு," என்றான் க்ளெம்.

க்வெண்டா அதை எழுதிக்கொள்ளவில்லை. கலத்தின் பெயர் என்ன என்று கேட்டாள்.

"நார்மன்," என்றாள் ஈனிட் உடனே.

"உன் புருஷன் பேரா?" என்றான் க்ளெம். "அவருக்கு நீச்சலே தெரியாது."

"உனக்கு மட்டும் தெரியுமா. எழுதும்மா, நார்மன். ரெண்டு சுழி ன்."

அடுத்து, உள்ளே இருப்பவர்கள். அட்டையில் மூன்று கட்டம் இருந்தது: மாலுமி, பயணி, சரக்கு. க்ளெமை மாலுமி என்று எழுதினாள், ஈனிட்டைப் பயணி என்று எழுதினாள். பின்பக்கம் கோழிகள் கொக்கரித்தன.

"அது எத்தனை?"

"பன்னெண்டு."

"சரக்குன்னு போட்டுடறேன்."

"சரக்கா?" ஈனிட் கையில் இருந்த டீ கெட்டிலைக் கீழே வைத்தாள். "எங்க வீட்டுல யாரும் சரக்கு இல்ல."

"சரக்குன்னா ஒரு விதத்துல எனக்கும் கஷ்டந்தாம்மா. கால்நடை ஏத்திப் போற வியாபாரக் கலம்னு ஆயிடும். அதுக்கு வேற ஆபீஸு."

"பயணின்னு போடு."

க்வெண்டா போட்டாள். கூட்டினாள். பென்சிலை மறுபடி காதில் செருகினாள். "பதிமூணு பயணி. பன்னெண்டுக்கு மேல போனா பயணிகள் கப்பல். ரெண்டு உயிர்காப்புப் படகு, ஒரு மருத்துவ அறை, சான்று வாங்கின கேப்டன், எல்லாம் வேணும்."

க்ளெம் பின்பக்கம் எட்டிப்பார்த்துக் கோழிகளை எண்ணினான். பன்னிரண்டுதான்.

"ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு ஒண்ணைக் கழிச்சிட்டா," என்று ஆரம்பித்த க்ளெம், அக்கா முகத்தைப் பார்த்து முடிக்காமல் விட்டான்.

"என்னை மாலுமின்னு போடு," என்றாள் ஈனிட். "பன்னெண்டுல நின்னுடும்ல?"

"நிக்கும்."

"ஆனா இவனுக்குக் கீழ நான் வேலை பாக்கமாட்டேன். என்னைவிட எட்டு வயசு சின்னவன். என்னை கேப்டன்னு போடு, இவனை இஞ்சின்காரன்னு போடு."

"வீட்டுக்காரன் நான்," என்றான் க்ளெம்.

"கேப்டன்கிட்ட இப்படியா பேசறது?" என்றாள் ஈனிட்.

க்வெண்டா போகுமுன் ஒரு பட்டியல் கொடுத்தாள். பெயரும் எண்ணும் பக்கவாட்டில் எழுத வேண்டும். நங்கூரம் வேண்டும். மாலுமி ஆளுக்கொரு மிதவைச் சட்டை. ஒரு பக்கம் சிவப்பு விளக்கு, மறுபக்கம் பச்சை. இஞ்சின். "அப்புறம் வேலி, தபால் பெட்டி, வாசப்படி, இதெல்லாம் படகுல இருக்கற மாதிரி இல்ல. பாக்கற ஒரு சாதாரண மனுஷனுக்கு இது போய்வர்ற சாமான்னு தோணணும். இப்பப் பாத்தா டீ குடிக்கலாம்னுதான் தோணுது."

"குடிச்சிட்டுதானே போற," என்றாள் ஈனிட்.

மறுநாளிலிருந்து க்ளெம் விடிந்ததும் சிப்பிப் பண்ணை, மத்தியானத்துக்கு மேல் வீடு என்று மாறி மாறி உழைத்தான். வேலியைப் பிடுங்கினான். தபால் பெட்டியைக் கழற்றினான். வாசப்படியை உடைத்து அடுப்புக்கு வைத்தான். ஜெரேனியம் தொட்டிகளைக் கூரைமேல் ஏற்றினான். விளக்குகளை மாட்டினான், சிவப்பு எந்தப் பக்கம் என்பதில் அக்காவோடு ஒரு முழு மத்தியானம் சண்டை போனது. பண்ணையில் துருப்பிடித்துக் கிடந்த நங்கூரத்தை ஒற்றைத் தோளில் சுமந்து வந்தான். இரண்டு நாளைக்கு இடுப்பு நிமிரவில்லை. "நார்மன்" என்று சிவப்புச் சாயத்தில் எழுதினான். எழுத்து கடைசிக்குப் போகப் போகச் சின்னதாகிவிட்டது.

"அவரு கடைசி காலத்துல அப்படித்தான் இருந்தாரு," என்றாள் ஈனிட், தள்ளி நின்று பார்த்து.

இஞ்சின் பெரில் கொடுத்தாள். அவள் ஷெட்டில் பத்து வருஷமாகக் கோழிப்பீயில் புதைந்திருந்த பழைய நாற்பது குதிரைசக்தி படகு இஞ்சின். அதை மாட்டப் பின்சுவர் வேண்டும். பின்சுவர் இருந்தது கழிவறையில். க்ளெம் சுவரில் ஓட்டை போட்டு, இஞ்சினை வெளியே தொங்கவிட்டு, கைப்பிடியை உள்ளே இழுத்துவைத்தான். ஓட்டுகிறவன் கழிவறைத் தொட்டி மேல்தான் உட்கார்ந்தாக வேண்டும். பக்கத்தில் முகம் அளவு ஒரு ஜன்னல் இருந்தது.

"கப்பல்ல இதுக்கு என்ன பேரு சொல்வாங்க?" என்று கேட்டான்.

"நீ உள்ள இருந்தா கதவைத் தட்டணும்னு சொல்வாங்க," என்றாள் கேப்டன்.

இந்தச் சமயத்தில்தான் கவுன்சிலிலிருந்து ராட்னி ஸ்ப்ரோல் நேரில் வந்தார். ஒல்லியான மனுஷன். தோளில் கேமரா. வாசப்படி இருந்த இடத்தில் காலை வைத்து முழங்கால்வரை ஆற்றில் இறங்கினார். ஏறி வந்து, வரிசையாகப் படம் எடுத்தார்.

"படி எங்க?"

"எடுத்தாச்சு. படகுல படி இருக்காதாம்," என்றான் க்ளெம்.

"ஆனா இன்னைக்கு இது படகு இல்லயே. சீட்டு வர்ற வரைக்கும் கட்டிடம். கட்டிடத்துல அனுமதி இல்லாம படியை எடுத்திருக்கீங்க. சுவத்துல ஓட்டை போட்டிருக்கீங்க. கூரை மேல பாரம் ஏத்தியிருக்கீங்க." ஈரக் காலுறையைப் பிழிந்தார். "கழிவறையில பெட்ரோல் வேற. முன்னாடி ஒரு குத்தம்தான் இருந்துது, இப்ப அஞ்சு."

"படகா மாத்தணும்னா இதெல்லாம் செய்யணும்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சு."

"சொல்லியிருக்கும். அவங்க சட்டத்துக்கு அது சரி. எங்க சட்டத்துக்கு இடிஞ்சு விழற வீடு. பழையபடி படி கட்டிடுங்க."

க்ளெம் படி கட்டினான். அடுத்த நாளே க்வெண்டா எட்டிப்பார்த்து, இது என்ன படி என்று கேட்டாள். க்ளெம் படியைக் கழற்றினான். பிறகு அதைக் கயிற்றில் தொங்கவிட்டு, நீலச் சட்டை தெரிந்தால் மேலே இழுப்பது, கேமரா தெரிந்தால் கீழே இறக்குவது என்று ஏற்பாடு செய்தான். இரண்டு பேரும் சேர்ந்து வந்தால் என்ன செய்வது என்று அவன் யோசிக்கவில்லை.

வியாழக்கிழமை இரண்டு பேரும் சேர்ந்தே வந்தார்கள். படி பாதியில் நின்று ஆடியது.

"க்ளெம்," என்றாள் க்வெண்டா, மெதுவாக. "எனக்கும் ராட்னிக்கும் இதுல களைச்சுப்போச்சு. ஒரே ஒரு விஷயம். நாளைக்குப் பத்து மணிக்கு, எங்க கண் முன்னாடி, இது தன் நீளத்துக்கு நகரணும். இஞ்சினை வெச்சு, தானா. நகர்ந்தா அங்கேயே கையெழுத்துப் போட்டுச் சீட்டைக் கையில குடுத்துடறேன். மத்ததெல்லாம் மெதுவா சரிபண்ணிக்கலாம்."

"நகரலன்னா?"

ராட்னி தன் காலணியைப் பார்த்தார். "பன்னெண்டு மணிக்கு ஆளுங்க வர்றாங்க. நான் நிறுத்தச் சொல்லிப் பாத்தேன். பிரிக்கிற மிஷினை வாடகைக்கு எடுத்தாச்சு."

அவர்கள் போன பிறகு ஈனிட் கோழிகளுக்குத் தீனி போடப் போனாள். வெகுநேரம் வரவில்லை. க்ளெம் போய்ப் பார்த்தபோது கூண்டுக்குப் பக்கத்தில் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கு இன்னும் எழுபதே ஆகல, முதியோர் விடுதியில என்னைச் சேத்துப்பாங்களாடா?"

"உன்னை யாரு சேத்துப்பா," என்றான் க்ளெம். "நாளைக்குப் பத்து மணிக்குக் கப்பல் கிளம்புது. கேப்டன் போய்ப் படு."

வெள்ளிக்கிழமை காலை ஆறு கண்ணாடி போல் கிடந்தது. கடல் வற்றி, ஆற்றுத் தண்ணீர் கடல் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. க்வெண்டாவும் ராட்னியும் மிதவை ஜெட்டியின் நடுவில் அட்டையும் கேமராவுமாக நின்றார்கள். ஈனிட் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை போட்டு வராந்தாவில் நின்றாள். சட்டைக்கு மேல் முத்துமாலை.

"கட்டி வெச்சது எல்லாத்தையும் அவுத்துடணும்," என்றாள் க்வெண்டா. "ஒரு கயிறு மிச்சம் இருந்தாலும் செல்லாது."

"கேட்டுச்சா, கேப்டன்," என்று கழிவறையிலிருந்து கத்தினான் க்ளெம். "ஒண்ணு விடாம."

ஈனிட்டிடம் சொன்னால் போதும். எதையும் பாதியில் விடுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. வராந்தாக் கம்பியிலிருந்து ஆரம்பித்தாள். ஜெட்டியில் இறங்கினாள். கண்ணில் கயிறு என்று பட்டதையெல்லாம் அவிழ்த்துக்கொண்டே கரைப்பக்கம்வரை போய்த் திரும்பி வந்தாள். இருபத்திரண்டு வருஷ முடிச்சுகள். சிலவற்றுக்குச் சமையலறைக் கத்தி தேவைப்பட்டது. ராட்னி மரியாதைக்கு ஒரு கயிற்றைப் பிடித்து உதவினார்.

"எல்லாம் ஆச்சு," என்று வராந்தாவில் ஏறி மூச்சு வாங்கினாள். "கிளப்புடா."

க்ளெம் தொட்டி மேல் உட்கார்ந்து கயிற்றை இழுத்தான். இஞ்சின் இருமியது. மறுபடி இழுத்தான். தும்மியது. ஒன்பதாவது இழுப்பில் பத்து வருஷத்துக் கோழிப்பீ முழுக்கப் பற்றிக்கொண்டதுபோல் கரும்புகை கிளம்பி, வீடு, கரை, மரம், வானம் எல்லாவற்றையும் மூடியது. பின்பக்கம் ஆறு கொதித்தது. கரைப்பக்கம் ஏதோ பலகை தண்ணீரில் தொப்பென்று விழுந்தது. கோழிகள் பன்னிரண்டும் ஒரே குரலில் அலறின.

க்ளெம் ஜன்னலில் முகத்தை வைத்தான். முதலில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் புகைக்குள் க்வெண்டாவின் நீலச் சட்டை தெரிந்தது. அது முன்வாசல் பக்கத்திலிருந்து மெதுவாக, மிக மெதுவாக, பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது.

அவன் வராந்தாப் பக்கம் திரும்பினான். "அக்கா," என்று கத்தினான். "போறோம்க்கா."

"தெரியுதுடா," என்றாள் ஈனிட். வராந்தாக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். "நேரா ஓட்டு. ஆட்டாத."

"நான் ஆட்டல. ஒரு துளி ஆடுதா பாரு."

நிஜமாகவே ஆடவில்லை. அலமாரியில் ஒரு கோப்பைகூட இடம் பெயரவில்லை. ஜெட்டியிலிருந்து க்வெண்டாவின் குரல் புகையைத் தாண்டி வந்தது. "ராட்னி, பாக்கறீங்களா? ஓட்டத்தை எதிர்த்துப் போகுது."

"பாக்கறேன்," என்றார் ராட்னி. கேமரா க்ளிக் க்ளிக் என்றது. "இவ்வளவு சீரா போற படகு நான் பாத்ததில்ல. என் மச்சானோட புதுப் படகே இப்படிப் போகாது."

"தன் நீளம் தாண்டியாச்சு," என்றாள் க்வெண்டா. அட்டையை முழங்காலில் வைத்து, புகையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். முத்திரையை எடுத்து வாயால் ஊதிக் குத்தினாள். ஜெட்டி கழிவறை ஜன்னலுக்கு நேராக வந்தபோது கையை நீட்டினாள். க்ளெம் ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சீட்டை வாங்கிக்கொண்டான். ஈரம் படாமல் சட்டைக்குள் செருகினான்.

"வாழ்த்துகள், க்ளெம். இனிமே இது கலம்."

"கட்டிடக் கேஸை நான் இன்னைக்கே மூடிடறேன்," என்றார் ராட்னி. அவர் முகத்திலும் ஒரு வாரத்துப் பாரம் இறங்கியிருந்தது. "மிஷினையும் திருப்பி அனுப்பிடறேன். சொல்லப்போனா எனக்கும் இந்த வேலை பிடிக்கல."

"சாயந்திரம் டீக்கு வாங்க," என்று வராந்தாவிலிருந்து கத்தினாள் ஈனிட். "படி போட்டு வெக்கறேன்."

ஜெட்டி ஜன்னலைத் தாண்டிப் பின்னால் போயிற்று. இரண்டு அதிகாரிகளும் கையை ஆட்டினார்கள். க்ளெமும் கையை ஆட்டினான். இருபது அடி, நாற்பது அடி. அப்போது இஞ்சின் ஒருதரம் இடித்து நின்றுபோனது. அப்படியும் அவர்கள் தூரமாகிக்கொண்டேதான் இருந்தார்கள். இஞ்சின் நின்ற பிறகும் நகர்கிற படகை, இத்தனை வருஷமாகக் கட்டிவைத்துப் பாழடித்துவிட்டோமே என்று க்ளெமுக்கு வருத்தமாகக்கூட இருந்தது.

புகை கலைந்தது. ஆற்றின் மேல்பக்கத்திலிருந்து தபால் படகில் வந்த பெரில் தன் இஞ்சினை அணைத்தாள். வீட்டைப் பார்த்தாள். கரையைப் பார்த்தாள். பிறகு ஆற்றின் நடுவில் கையாட்டிக்கொண்டே கடல் பக்கம் போய்க்கொண்டிருந்த இருவரையும் பார்த்து, வாயில் கையைக் குவித்துக் கூப்பிட்டாள்.

"வீடு அது இருந்த இடத்துலதான் இருக்கு ராட்னி, நீங்க ரெண்டு பேரும் கவுன்சில் ஜெட்டியை எடுத்துக்கிட்டு எங்க கிளம்பிட்டீங்க?"